படகில் ஆட்கள் சரியாக இருந்தார்கள்

ஜனா மன்னிப்புக் கேட்டான். உஷாந்திக்கு முதலில் இடறியது அதுதான்.

கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. பிழை தன் பக்கம் என்று தெரிந்தால் குரலை இன்னும் உயர்த்துவான், கதவை அடித்துச் சாத்துவான், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல வந்து தேத்தண்ணி கேட்பான். அதற்கேற்றபடிதான் அவளும் தயாராக நின்றாள். பெற்ற தாயின் முழங்கால் ஒப்பரேஷன் தையல்கூட வெட்டவில்லை. அதற்குள் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, முகநூலில் பழகிய சிலரோடு மாலைதீவுக்குப் பாய்மரப் படகு ஓட்டப் போனவன். தீவு தீவாகச் சுற்றுவார்களாம், மணல்திட்டில் படுத்து எழும்புவார்களாம். "எனக்கு மூச்சு விட வேணும், உஷா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் மூச்சு விட வேண்டாமா? கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் கெஞ்சி லீவு எடுத்து, மாமியாரைத் தூக்கிக் கழிவறையில் இருத்தி, காயம் துடைத்து, விடிய எழும்பிப் புட்டு அவித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வசையாக அவள் தீட்டி வைத்திருந்தாள்.

அவன் வாசலில் பையை இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "சொறி, உஷா. உம்மை இப்பிடி விட்டிட்டுப் போயிருக்கக் கூடாது."

அவ்வளவுதான். தீட்டி வைத்ததெல்லாம் கையிலேயே நின்றுவிட்டது. இறங்க இடம் கிடைக்காத கோபம் நெஞ்சுக்குள் சூடாகவே கிடந்தது. அவள் அவனோடு கதைப்பதை நிறுத்தினாள். அவன் பக்கம் பார்ப்பதையும் நிறுத்தினாள். அதனால்தான் மற்றவற்றைக் கவனிக்க அவளுக்கு இவ்வளவு நாள் பிடித்தது.

பாகற்காய்க் கறியைக் கண்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளுகிறவன், வேண்டுமென்றே மூன்று நாள் தொடர்ந்து வைத்தபோதும் வழித்துச் சாப்பிட்டான். மாலையில் கந்தோரால் வந்ததும் தாயின் காலடியில் குந்தி முழங்காலுக்கு எண்ணெய் பூசினான். கனகேஸ்வரி மாமியின் முகம் பூத்துப்போய் இருந்தது. "பிரயாணம் போய்த் திருந்தி வந்திருக்கிறான், பிள்ளை. நீ ஏன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரியிறாய்?" என்று அவள் உஷாந்தியைத்தான் ஏசினாள்.

இருட்டுப்படத் தொடங்கினால் மாமி ஊன்றுகோலோடு எழும்பிப் போய்க் கடல் பக்கப் பல்கனிக் கதவைச் சாத்துவாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவாள். வெள்ளவத்தையில் கடற்கரை ஓரத்து மாடி வீடு வாங்கியதே அந்தக் காற்றுக்காகத்தான். அது நின்றதும் வீடு அவிந்துபோகும். "உப்புக் காத்து முழங்காலுக்கு ஆகாது" என்பாள். உஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குள் நிற்பாள். அவள் முதுகில் வியர்வை ஓடும்.

ஜனாவுக்கு வியர்ப்பதில்லை.

அதைக் கண்டது பௌர்ணமி விடுமுறையான போயா நாளன்று மத்தியானம். கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்ற அறையில், திரைச்சீலை அசையாமல் தொங்க, கீழே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல் பாறையில் மோதி மோதிப் பின்வாங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, கட்டிலின் மறு ஓரத்தில் அவன் மல்லாந்து நித்திரையாகக் கிடந்தான். அவளுடைய தலையணை நனைந்திருந்தது. அவன் நெற்றி, கழுத்து, மார்பு எல்லாம் புதுப் பீங்கான் கோப்பைபோல உலர்ந்து கிடந்தன. அவள் தன்னையறியாமல் கிட்டப் போனாள். அவன் மேலிருந்து ஒரு மணமும் வரவில்லை. சவர்க்கார மணமில்லை, மனித மணமுமில்லை. கீழே அலை ஒன்று பாறையில் ஏறியது; அவன் மார்பு ஏறியது. அலை வழிந்து இறங்கியது, மார்பு இறங்கியது. தற்செயல் என்று நினைத்தாள். அடுத்த அலை வரச் சுணங்கியது. அவன் மூச்சும் சுணங்கியது. அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நீண்ட நேரம். அலை வந்தது. அவனும் மூச்சு எடுத்தான்.

பயந்துதான் போனாள். ஆனால் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம் பழக்கமானது. அதனால் பயத்துக்குக் கோபத்தின் சட்டையைப் போட்டுவிட்டாள். படகுப் படங்களில் அவன் பக்கத்தில் தொப்பியோடு ஒருத்தி நின்றாளே, கொட்டாஞ்சேனைக்காரி, ரொஷேல். ஒருத்தியோடு பழகிவிட்டு வந்தவன்தான் வீட்டில் இப்படிப் பவ்வியமாக நடப்பான். ரொஷேலுக்கு அழைத்தாள். முதல் அழைப்பிலேயே குரல் கேட்டது, "ஜனாட மிஸிஸா?" என்று. அடுத்த நொடி தொடர்பு அறுந்தது. பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். படகுப் பயணத்துக்கு முன் ஜனா ரொஷேலுக்குப் பொருள் ஏதோ கொடுத்தனுப்பியதில் விலாசமும் இலக்கமும் உஷாந்தியிடம் இருந்தன. பெரிய தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் எதிரெதிரே நடக்க முடியாத ஒழுங்கை. கதவைத் தட்டவில்லை, அடித்தாள்.

ரொஷேல் படத்தில் கண்டவள் மாதிரி இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, தலை வாராமல், இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தாள். ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டு, "உள்ளுக்கு வாங்க. கதவச் சாத்துங்க" என்றாள்.

யன்னல் இல்லாத நடு அறை. அதற்குள் இரண்டு மின்விசிறிகள் வேண்டுமென்றே கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"என்ர மனுசனோட உனக்கு என்ன தொடர்பு?" உஷாந்தி கதிரையில் இருக்கவேயில்லை.

ரொஷேல் சிரித்தாள். அழுகைக்குப் பக்கத்துச் சிரிப்பு. "அப்பிடி ஏதும் இருந்திருந்தா எவ்வளவு நல்லம்," என்றாள். "அவர் வீட்டில இருக்கிறாரா? சாப்பிடுறாரா?"

"கதையை மாத்தாத."

"நான் சொல்றத நின்டுகொண்டு கேக்க ஏலாது. இருங்க."

எல்லாருக்கும் அண்ணன் மாதிரியான ஹெக்டர் அய்யேதான் பயணத்தை ஒழுங்குசெய்தவன் என்று தொடங்கினாள். படகின் கப்டன் மாலைதீவு ஆள். அன்று பொழுதுபடும் நேரம், ஒரு மணல்திட்டிலிருந்து கிளம்பி அடுத்த தீவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஜனா படகின் முன்பக்கம் நின்று, வீட்டுக்கு அழைத்தும் கிடைக்கவில்லை என்று தொலைபேசியைத் திட்டிக்கொண்டிருந்தான். காற்று திரும்பியது. பாயின் கட்டை சுழன்று அவன் தோளில் அடித்தது. விழுந்துவிட்டான்.

"உடனே பாயை இறக்கி, எஞ்சினப் போட்டு வளைச்சிட்டம். கன நேரம் இல்ல. அவர் மிதந்துகொண்டு நின்டார். தானே ஏணியில ஏறி வந்தார். நான்தான் துவாய் குடுத்த. பிளேன்டீ ஊத்திக் குடுத்த. 'தேங்ஸ் ரொஷேல்' எண்டார். அதுவரைக்கும் எனக்கு ஒருநாளும் தேங்ஸ் சொன்னதில்ல." அவள் தொண்டையைச் செருமினாள். "படகைத் திருப்பி ஓடத் தொடங்கின பிறகுதான் கேட்டிச்சு."

"என்ன கேட்டது?"

"பின்னால. தண்ணியில இருந்து. 'ஹெக்டர்! டேய்! என்னை விட்டிட்டு எங்கயடா போறீங்கள்!' ஜனாட குரல்."

மின்விசிறி கடகடத்தது. எங்கோ துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. ரொஷேலின் கை சட்டென்று காதுக்குப் போய்த் திரும்பியது.

"எல்லாருக்கும் கேட்டிச்சு. எல்லாரும் ஜனாவப் பாத்தம். அவர் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தார். குரல் கெஞ்சிச்சு. அம்மாண்டு கூப்பிட்டிச்சு. உங்கட பேரச் சொல்லிக் கூப்பிட்டிச்சு. பிறகு தூஷணம். சரியான கோவம். கப்டன் திரும்பியே பார்க்கல்ல. 'ஆட்கள் சரி. படகில ஆட்கள் சரியா இருக்கு. ஓட்டு' எண்டான். நாங்களும் எண்ணிப் பாத்தம். சரியாத்தான் இருந்திச்சு. விடியும் வரைக்கும் அது பின்னால வந்திச்சு."

"விட்டிட்டு வந்தனீங்கள்." உஷாந்தியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "கத்தக் கத்த விட்டிட்டு வந்தனீங்கள்."

"அவர் எனக்குப் பக்கத்தில இருந்தார், உஷாந்தி! துவாயப் போத்திக்கொண்டு! ஒரு சத்தத்துக்காகப் படகத் திருப்பி, என்னத்த ஏத்துறது? இருக்கிறவர எங்க இறக்குறது?"

உஷாந்தி அவளை அறைந்தாள். கை எரிந்தது. ரொஷேல் கன்னத்தைத் தடவவுமில்லை.

"அடிங்க. ஹெக்டர் அய்யே நுவரெலியாவுக்குப் போயிட்டார், கடலே இல்லாத இடமெண்டு. எனக்குப் போக இடமில்ல." பஞ்சை உருட்டிக்கொண்டே அவள் மெல்லக் கேட்டாள். "நீங்க கடல் கரையிலதானே இருக்கிறீங்க. வெள்ளவத்தையில இன்னும் கேக்கல்லையா?"

ஓட்டோவில் திரும்பி வரும்போது அந்தக் கேள்விதான் அவளோடு வந்தது. கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? இருட்டுப்பட்டால் கதவு சாத்தியிருக்கும். தொலைக்காட்சி அலறும். பம்பலப்பிட்டி தாண்டி வண்டி கடலோரத் தெருவில் திரும்பியபோது அவளுக்கு விளங்கியது. இரத்தம் தலைக்கு ஏறியது.

தென்மேற்கில் வானம் ஈயமாய்க் கறுத்துக் கிடந்தது. கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினாள். மேலே போகப் போகத் தொலைக்காட்சிச் சத்தம் கூடியது.

பல்கனிக் கதவு சாத்தியிருந்தது. கதவின் கீழ் இடுக்கில் பழைய சேலை ஒன்று சுருட்டித் திணித்திருந்தது. மாமியும் ஜனாவும் மேசையில் இருந்தார்கள். அவன் இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் நனைத்துத் தாயின் கோப்பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

உஷாந்தி தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

"மாமி. உங்களுக்குக் கேக்குதுதானே?"

"என்ன பிள்ளை கேக்குது?"

"கேக்குதுதானே!"

மாமி கையைக் கழுவவில்லை. விரலில் ஒட்டிய சொதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, கடையில் விலை பேசுகிறவள்போல நிதானமாகச் சொன்னாள்: "ஓம். கேக்குது. இவன் வந்த அண்டைக்குக் கேக்கேல்லை. கொஞ்ச நாளைக்குப் பிறகுதான். முதல் எங்கயோ தூரத்தில. இப்ப கிட்ட."

"அது உங்கட பிள்ளை! நீங்கள் பெத்த பிள்ளை அங்க தண்ணியில கிடந்து கத்துறான்!"

"என்ர பிள்ளை இஞ்ச இருக்கிறான்." மாமி ஜனாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நான் விழுந்து கிடந்தபோது அவன் என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்தவனோ? ஒப்பரேஷனுக்குப் பிறகு, அம்மா எப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டவனோ? இவன் கேக்கிறான். ஒவ்வொரு நாளும் கேக்கிறான். எனக்கு இவன் காணும், வேற ஒருத்தனும் வேண்டாம். உனக்கும் காணுமெண்டு நினை, பிள்ளை. கதவைத் திறக்காத."

ஜனா நிமிர்ந்து உஷாந்தியைப் பார்த்தான். அந்தக் கண்களில் பதற்றமில்லை. "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டான்.

அவள் சேலைச் சுருளைக் காலால் உதைத்துத் தள்ளினாள். தாழ்ப்பாள் உப்பில் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். நகம் ஒன்று பிய்ந்தது. கதவு திறந்தது.

காற்று. கடல் இரைச்சல். அதற்குள்ளே ஒரு குரல், கரகரத்து, உடைந்து, ஆனால் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"உஷா! காது செவிடோடி? எத்தினை நாளாக் கத்துறன்! எருமை! உஷா!"

அவளுக்குக் கண் நிறைந்தது. இப்படி ஏச அவனால்தான் முடியும். தொண்டை கிழியக் கத்தினாள்: "வாறன்! நில்லு! நான் வாறன்!"

மாமி பின்னால் ஓலமிட்டாள். ஜனா எழும்பவில்லை. தடுக்கவுமில்லை. அவன் தடுக்கவில்லையே என்று அவள் கவனித்தாள். நின்று யோசிக்கவில்லை. படிகளில் இறங்கி ஓடினாள்.

தெருவைக் கடந்தாள். ரயில் பாதையைக் கடந்தாள். செருப்பு ஒன்று சல்லிக் கல்லுக்குள் போனது. பாறைகளில் தூண்டில்காரர் ஒருவர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். மாலையில் எப்போதும் அங்கே நிற்பவர்தான், பலீல்.

"தங்கச்சி, கடல் சரியில்ல. அங்கால போகாதீங்க."

"உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"அந்தச் சத்தமா?" பலீல் தோளுக்கு மேலால் பார்த்தார். "ஒரு கிழமையா. பொலிசுக்கும் சொன்ன. வந்து பாத்தா ஆளில்ல. நாங்க இப்ப பாக்கிறல்ல. வீட்ட போங்க."

"ஆளில்லையோ? என்ர மனுசன்!" அவரைத் தள்ளிக்கொண்டு போனாள்.

கடைசிப் பாறை. பாசி. முழங்காலில் இருந்தாள். நுரை முகத்தில் அடித்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு தலை. நீண்டு ஒட்டிய தாடி. வெடித்து வெளுத்த உதடு. வெயிலில் உரிந்த நெற்றி. அந்த நெற்றியிலும் கோபச் சுருக்கம்.

"ஏண்டி இவ்வளவு நாள்?"

"நீ ஏண்டா போனனீ? ஏன் போனனீ?" அழுதுகொண்டே ஏசினாள். கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். விரல்கள் பட்டன. சொரசொரப்பான, சூடான, உயிருள்ள விரல்கள்.

"உஷா, கிட்ட வராத," என்றான் அவன் திடீரென்று. "பிடிக்காத. பின்னுக்குப் போ. இஞ்ச நான் மட்டும்..."

அலை எழும்பியது.

இருட்டு. பச்சை. காதுக்குள் இடி. பாறை முதுகைக் கீறியது. எது மேல், எது கீழ்? தண்ணீருக்குள் யாரோ அவளைத் தொட்டுத் தடவினார்கள். முகத்தை. தலைமயிரை. கழுத்தை. சட்டையில் குத்தியிருந்த ஊசியை. அளவெடுக்கிறவர்கள்போல. அவசரமே இல்லாமல். பிறகு விட்டார்கள்.

மேலே வந்தாள். இருமினாள். உப்புக் கண்ணை எரித்தது. ஜனாவின் கை அவள் கையைப் பிடித்திருந்தது. கரை நினைத்ததைவிடத் தள்ளிப் போயிருந்தது.

பாறையில் பலீல் குப்புறப் படுத்திருந்தார். யாரையோ இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண். நீலச் சட்டை. நனைந்த தலைமயிர். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"தங்கச்சி! ஒண்டும் ஆகல்லையே?"

"இல்லை அண்ணை. பெரிய அலை ஒண்டு. நல்ல காலம் நீங்கள் நிண்டது. பெரிய உபகாரம்."

உஷாந்தியின் குரல். அவளுடைய குரலேதான். தண்ணீரின் மேல் தெளிவாக வந்தது. இனிமையாக. கோபத்தின் சுவடே இல்லாமல்.

"அது நான் இல்லை!" உஷாந்தி அலறினாள். "நான் இஞ்ச! அண்ணை! இஞ்ச பாருங்கோ!"

பலீல் பார்த்தார். அவர் நேராகவே பார்த்தார். கடலை, அதில் மிதந்த அவள் முகத்தை. பிறகு பக்கத்தில் நின்றவளை. மீண்டும் கடலை. அவர் உதடுகள் ஏதோ ஓதின. தூண்டிலையும் வாளியையும் அங்கேயே போட்டுவிட்டு, "வாங்க தங்கச்சி, வாங்க, இங்க நிக்க வேணாம்" என்று அந்தப் பெண்ணின் தோளில் கையை வைத்து அவசர அவசரமாக நடத்திக்கொண்டு போனார்.

"விட்டிட்டுப் போறீங்களோ? டேய்! விட்டிட்டுப் போறீங்களோடா!"

உஷாந்திதான் கத்தினாள். ஜனாவும் கத்தினான். மழை தொடங்கியது. ரயில் பாதை ஓரத்தில் ஜனாவின் முகத்தோடு ஒருவன் குடையை விரித்துப் பிடித்தபடி காத்து நின்றான். பலீல் அந்தப் பெண்ணை அவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினார். அவன் துவாயை அவள் தோளில் போர்த்தினான். தெற்கே காலி நகரப் பக்கத்திலிருந்து வந்த ரயில் அவர்களை மறைத்தது. மிதிபலகையில் தொங்கிய ஆட்கள் கடலைப் பார்த்தபடியே போனார்கள். கடைசிப் பெட்டி கடந்தபோது இருவரும் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

ஒழுங்கைக்குள் நுழையுமுன் அந்தப் பெண் நின்றாள். வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகிறவள் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பதுபோல, உஷாந்தி மிதந்த இடத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.